எறும்பு பேசியது மெய்யா?

மஃரிபுத் தொழுகை முடிந்து மக்தபில் பிள்ளைகள் அமர்ந்திருந்தனர். தாம்பரத்தில் இருப்புப் பாதைக்கு மேற்கே, மின்வண்டியின் ஓசை இடைவிடாது வந்து மோதும் ஒரு சிறு பள்ளிவாசல் அது. அன்று நாம் திருமறையின் ‘அந்நம்லு’ அத்தியாயத்தில் வரும் எறும்பின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம். சுலைமான் நபி (அலை) அவர்களின் பெரும்படை பள்ளத்தாக்கை நெருங்குகிறது. ஓர் எறும்பு தன் இனத்தாரைப் புற்றுக்குள் புகுந்துகொள்ளுமாறு எச்சரிக்கிறது. அதன் சொல்லைச் செவியுற்ற நபியவர்கள் முறுவலிக்கிறார்கள். இவ்விடத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

“ஹஜ்ரத், எங்க ஸ்கூல் புக்குல முயல் பேசுது, ஆமை பேசுது. அதெல்லாம் சும்மா கதைன்னு மிஸ் சொன்னாங்க. எறும்பு பேசினதும் சும்மா கதையா?”

நாம் என்ன செய்தோம்? உண்மையை மறைப்பதற்கில்லை. “வேதத்தில் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது, ஓது” என்று அதட்டினோம். அவன் தலை கவிழ்ந்து ஓதத் தொடங்கினான். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அச்சிறுவன் கேட்டது குறும்பும் அன்று, அவநம்பிக்கையும் அன்று. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகின்ற நாம் ஒருபோதும் நம்மையே கேட்டுக்கொள்ளாத கேள்வியை அவன் கேட்டுவிட்டான். மெய்யான வரலாறும் புனைந்த கதையும் ஒரே நாவிலிருந்து, ஒரே குரலில், ஒரே மாலைப்பொழுதில் குழந்தையின் செவியில் விழுகின்றன. அவற்றை அவன் எங்ஙனம் பிரித்தறிவான்? பிரித்தறியாதுபோனால் அவனுடைய ஈமானுக்கு நேரும் கதி என்ன?

இக்கேள்வியின் கனத்தை உணர வேண்டுமாயின், குழந்தையின் உள்ளம் எத்தகையது என்பதை முதலில் உணர வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில், நஃப்சைப் பண்படுத்துதல் பற்றிய பகுதியில் குழந்தை வளர்ப்பைக் குறித்து ஒரு தனி விளக்கமே எழுதியுள்ளார்கள். குழந்தையின் கல்பு பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதும், அஃது எவ்விதச் செதுக்கலும் இல்லாத விலைமதிப்பற்ற மணி என்பதும், எதைச் செதுக்கினும் ஏற்றுக்கொள்ளும் என்பதும் அவர்களின் கருத்து. அதே இடத்தில் அவர்கள் குர்ஆனோடு நல்லோரின் சரிதைகளையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்கிறார்கள். பாடம் முடிந்தபின் விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓயாது ஓதச் செய்தால் உள்ளம் மடிந்துபோகும் என்று எச்சரிக்கவும் செய்கிறார்கள். கதையும் விளையாட்டும் கல்விக்கு இடையூறு என எண்ணும் கண்டிப்பான ஆசிரியர்கள், ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த இம்மேதையின் பரிவைக் கண்டு நாண வேண்டும். அவர்களுள் நாமும் ஒருவரே.

ஆக, கதை வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்தக் கதை, எந்த முறையில் என்பதே வழக்கு. இவ்வழக்கில் நம் சமுதாயத்தில் இரு சாரார் உளர்.

ஒரு சாரார், “புனைகதை எதுவாயினும் பொய்யே. பொய்யைக் கொண்டு மெய்யைக் கற்பிக்கலாகாது. நரியும் காகமும் பேசுவதாகச் சொல்வதைவிட வாய்மூடி இருப்பது மேல்” என்பர். இவர்களின் அச்சத்தில் நேர்மை உண்டு. எனினும் பொய் என்பது யாது என்பதை அவர்கள் ஆராய்ந்தாரில்லை. நம் பலாகத் நூல்களில் ‘கபர்’ என்பதற்கு, மெய் என்றோ பொய் என்றோ தீர்ப்புக் கூற இடந்தரும் செய்தி என்று இலக்கணம் கூறுவர். ஒருவன் செய்தி கூறும் பாவனையில், கேட்பவனை நம்பவைக்கும் நாட்டத்தோடு, நடவாததை நடந்ததாகச் சொன்னால் அது பொய்யாகும். சொல்பவனும் கேட்பவனும் இது புனைவு என்று அறிந்தே கூடியிருக்கும்போது அங்கே ஏமாற்றுபவனும் இல்லை, ஏமாறுபவனும் இல்லை.

அரபுநாட்டுக் கதைசொல்லிகள் “கான யா மா கான்”, அதாவது ‘இருந்தது, இல்லாமலும் இருந்தது’ என்று தொடங்குவர். நம் பாட்டிமார் “ஒரே ஒரு ஊரிலே” என்று தொடங்குவர். அந்த ஊருக்குப் பெயரில்லை என்பதே, இது வரலாறன்று என்னும் அறிவிப்பு. குழந்தை அந்த அறிவிப்பைப் புரிந்துகொண்டுதான் கண்களை விரிக்கிறது.

நம் முன்னோரும் இதனை உணர்ந்திருந்தனர். ‘மகாமாத்’ இயற்றிய பஸராவின் ஹரீரீ (மறைவு 1122) தம் முன்னுரையிலேயே இவ்வழக்கை எடுத்து, வாயில்லா விலங்குகளும் உயிரில்லாப் பொருள்களும் பேசுவதாக அமைந்த கதைகளை எவரும் வெறுத்தொதுக்கியதில்லை, அவற்றைச் சொன்னவரைப் பாவிகள் என்றதுமில்லை என வாதிடுகிறார். அவர் மனத்தில் இருந்த நூல்களுள் தலையாயது ‘கலீலா வ திம்னா’வாகவே இருக்க வேண்டும். அந்நூலின் பயணம் வியப்புக்குரியது. நம் பாரத நாட்டின் பஞ்சதந்திரக் கதைகளை ஆறாம் நூற்றாண்டில், அனூஷிர்வான் காலத்தில், பர்ஸூயா என்னும் மருத்துவர் பஹ்லவி மொழிக்குக் கொண்டுசென்றார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதனை அரபு மொழியில் ஆக்கினார். அரபு உரைநடையின் முதற்பெரும் நூல்களுள் ஒன்றாக அது நிலைபெற்று, அங்கிருந்து உலகெங்கும் பரவியது. நம் சிறுவனின் பள்ளிப் பாடநூலில் பேசும் விலங்குகளுக்கு, அவன் ஓதும் அரபு மொழியிலும் ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழக்கம் உண்டு என்பதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

இன்னும் ஒரு படி மேலே சென்றார் அந்தலூசியாவின் இப்னு துஃபைல் (மறைவு 1185). அவருடைய ‘ஹய்யு இப்னு யக்ளான்’ முழுக்க முழுக்கப் புனைவு. ஆளில்லாத் தீவில் ஒரு பெண்மானின் பாலுண்டு வளரும் குழந்தை, அந்தத் தாய்மான் இறந்தபோது, உடல் இங்கே கிடக்க இதிலிருந்து நீங்கியது எது என்று தேடத் தொடங்குகிறது. அத்தேட்டம் படிப்படியாகப் படைத்தவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 1671இல் இலத்தீனிலும் 1708இல் அரபியிலிருந்து நேரே ஆங்கிலத்திலும் அது பெயர்க்கப்பட்டது. புனைவு மெய்ம்மைக்குப் பகையன்று, தேட்டத்திற்கு அது வாகனமும் ஆகலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறானவர்கள். “நல்ல பண்பு வருமாயின் எந்தக் கதையையும் சொல்லலாம். ஆதாரம் எதற்கு? பிள்ளை தொழுதால் போதாதா?” என்பது அவர்கள் வாதம். இவர்களைக் கண்டே நாம் பெரிதும் அஞ்சுகிறோம். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் மர்வு நகரில் நூஹ் இப்னு அபீ மர்யம் என்றொருவர் இருந்தார். குர்ஆனின் ஒவ்வோர் அத்தியாயத்தின் சிறப்பையும் பற்றி அவர் அறிவிப்புகளைக் கட்டினார். ஏன் என்று கேட்டபோது, மக்கள் அபூ ஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் குர்ஆனைப் புறக்கணிக்கக் கண்டேன், அவர்களைத் திருப்பவே இதைச் செய்தேன் என்ற கருத்துப்பட விடை பகர்ந்தாராம். நாட்டம் நல்லது, செயலோ பெருங்கேடு. ஹதீஸ்கலை அறிஞர்கள் அவரை மன்னிக்கவில்லை. பக்தியின் பெயரால் சொல்லப்படும் பொய், பகைவன் சொல்லும் பொய்யைவிட ஆழமாக வேரூன்றும் என அவர்கள் அறிந்திருந்தனர். பள்ளிவாசல்களில் கூட்டம் சேர்த்த கதைசொல்லிகளைப் பற்றி இப்னுல் ஜவ்ஸீ (மறைவு 1201) ஒரு தனி நூலே எழுதினார். நல்ல கதைசொல்லியை அவர் தடுத்தாரில்லை; கட்டிச் சொல்பவனையே கண்டித்தார்.

குழந்தையிடம் சொல்லும் பொய், சிறு பொய் எனக் கருதுவாரும் உளர். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒரு தாய் தன் சிறு மகனை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். என்ன தர எண்ணினாய் என்று அண்ணலார் வினவ, பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். ஒன்றும் தராதிருந்தால் அஃது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் அண்ணலார் கூறினார்கள். அபூதாவூதில் பதிவான இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் அளவுகோல். ஒரு பேரீச்சம்பழத்திற்கே இக்கணக்கு என்றால், நபியின் பெயரால், மலக்குகளின் பெயரால், சுவனத்தின் பெயரால் நாம் கட்டிச் சொல்வனவற்றிற்குக் கணக்கு எத்தகையதாகும்!

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது: புனைந்து சொல்வது குற்றமன்று, எந்த வாயில் வழியாகப் பிள்ளையை அழைத்துச் செல்கிறோம் என்பதை அவனுக்குச் சொல்லாமல் அழைத்துச் செல்வதே குற்றம். வாயில்கள் மூன்று. முதலாவது, திருமறையும் வலுவான நபிமொழியும் தரும் வரலாறு. இரண்டாவது, வழிவழியாகப் புலவர்களும் பெரியோர்களும் பாடியும் சொல்லியும் வந்த மரபுச் செய்தி. மூன்றாவது, அறிந்தே புனைந்த கதை. மூன்றும் குழந்தைக்கு வேண்டும். ஆனால் ஒவ்வொன்றின் நிலைப்படியிலும் நின்று, “தம்பி, இது அல்லாஹ் சொன்னது”, “இது நம் புலவர் பாடியது”, “இது நாம் கட்டிய கதை” என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைய வேண்டும்.

இரண்டாம் வாயிலைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணைநின்ற படலம்’ உண்டு. வேடனின் வலையில் சிக்கிய தாய்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர அவகாசம் கேட்கிறது. கருணை நபி (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். தமிழ் முஸ்லிம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீரோடு கேட்கப்பட்டு வரும் நிகழ்ச்சி அது. ஆனால் அதன் அறிவிப்புத் தொடர் வலுவுடையதன்று என ஹதீஸ்கலையினர் பலர் கருதுவர். இப்பொழுது நாம் என்செய்வது? புராணத்தைப் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்குவதா? கூடாது. அது நம் தமிழின் செல்வம். அதே வேளையில் அதனை நபிமொழியின் பீடத்தில் ஏற்றி வைப்பதும் கூடாது. “உமறுப்புலவர் இவ்வாறு பாடினார்” என்று சொல்லிப் பாடுவோம். அதன் பின்னர், உரிமையாளன் பட்டினியிட்டு வருத்தியதால் அண்ணலாரைக் கண்டு கண்ணீர் உகுத்த ஒட்டகத்தின் நிகழ்ச்சியைச் சொல்வோம். குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்து வந்த சிறு பறவைக்காக அண்ணலார் பரிந்த நிகழ்ச்சியைச் சொல்வோம். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு ஊட்டியவன் மன்னிக்கப்பெற்றதைச் சொல்வோம். வலுவான கருவூலத்தில் இத்துணை இருக்கக் கலப்படத்திற்கு நமக்கு என்ன தேவை?

முதல் வாயிலுக்கு நம் காலத்து நல்ல வழிகாட்டி, லக்னோவின் மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வீ (மறைவு 1999) அவர்கள். சிறுவர்க்கென எளிய அரபியில் அவர்கள் எழுதிய ‘கஸஸுன் நபிய்யீன்’ நம் மத்ரஸாக்களில் தொடக்க மாணவர் கையில் இன்றும் தவழ்கிறது. தம் குடும்பத்துச் சிறுவன் ஒருவனை மனத்திற்கொண்டு எழுதிய நூல் அது. பிள்ளைகளின் கையில் பூனை, நாய், சிங்கம், ஓநாய், குரங்குக் கதைகளே இருக்கக் கண்ட ஏக்கத்தை முன்னுரையில் அவர்கள் மறைக்கவில்லை. இப்ராஹீம் நபி (அலை) வரலாற்றை அவர்கள் சிலை விற்கும் தந்தையின் வீட்டிலிருந்து தொடங்குகிறார்கள். சிறு சிறு வாக்கியங்கள். அதே சொற்கள் மீண்டும் மீண்டும். பேசாத, கேளாத, தம்மீது அமரும் ஈயையும் ஓட்டவியலாத சிலைகளைப் பார்த்து ஒரு சிறுவன் வியந்து வினவுகிறான். வாசிக்கும் சிறுவனும் உடன் வினவத் தொடங்கிவிடுகிறான். தவ்ஹீதை இலக்கணமாக அன்றி வியப்பாகக் கற்பிக்கும் முறை அது. நாமும் இளமையில் அதனைக் கொண்டே அரபு பயின்றோம். ஒரு சிறுவனின் கேள்வியில் தொடங்கும் அந்நூலைக் கற்றுவிட்டு, நம் முன் அமர்ந்த சிறுவனின் கேள்வியை அதட்டினோமே என்பதுதான் அன்றிரவு நம்மை வாட்டியது.

மௌலானாவின் ஏக்கம் நியாயமானது. எனினும் விலங்குக் கதைகளை முற்றும் விலக்க வேண்டும் என்ற முடிவுக்கு அதிலிருந்து நாம் தாவ வேண்டியதில்லை. திருமறையிலேயே எறும்பு உண்டு. ஹுத்ஹுத் பறவை உண்டு. சகோதரனின் சடலத்தை மறைக்கும் வழியைக் காட்டிய காகம் உண்டு. குகைத் தோழர்களின் வாயிலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த நாய் உண்டு. குறை விலங்குகளிடத்தில் இல்லை. விலங்குகள் மட்டுமே கிடைத்து நபிமார்கள் கிடைக்காமற் போன வறுமையே குறை.

இனி முறையைப் பற்றி ஒரு சொல். கதை முடிந்ததும் “இதனால் அறியப்படும் நீதி யாதெனில்” என்று ஒரு வாலைக் கட்டுவது நம் வழக்கம். எறும்புக் கதை என்றால், “சுறுசுறுப்பாக இரு” என்பது நீதியாம்! திருமறையின் எறும்பு சுறுசுறுப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. படையினர் அறியாமலே மிதித்துவிடக்கூடும் என்றே அது சொல்கிறது. தன்னை நசுக்கவிருக்கும் படையைப் பற்றியும் அது நல்லெண்ணம் கொள்கிறது என விரிவுரையாளர்கள் நயம் காண்பர். அதைக் கேட்ட பேரரசர் என்ன செய்தார்? புன்னகைத்தார், உடனே, தமக்கும் தம் பெற்றோருக்கும் அருளப்பட்டவற்றிற்கு நன்றி செலுத்தும் பேற்றைத் தருமாறு இறைவனிடம் இறைஞ்சினார். வலியவன் எளியதன் குரலைக் கேட்கிறான். கேட்டவன் நெஞ்சு துஆவாகக் கனிகிறது. ஆன்மிக வாழ்வு என்பது இக்கனிவே அன்றி வேறென்ன? ஒரு வரி நீதியைக் கட்டி நாம் அதை அடைத்துவிடுகிறோம். கதை முடிந்ததும் சிறிது நேரம் வாளா இருப்போம், பிள்ளை பேசட்டும்.

அச்சமூட்டும் கதைகளைப் பற்றியும் கூற வேண்டும். கபுறின் வேதனைகளை மட்டுமே அடுக்கிச் சிறுவர்க்கென அச்சிட்ட ஒரு சிறு நூலைப் படித்துவிட்டு, விளக்கணைத்தால் அலறும் ஒரு சிறுமியை நாம் கண்டதுண்டு. நூலின் பெயர் வேண்டா. அஞ்சுதலும் ஆதரவு வைத்தலும் ஒரு பறவையின் இரு சிறகுகள் என்பர் பெரியோர். இறகு முளைக்காத குஞ்சுக்கு முதலில் வேண்டுவது தாயின் சூடு. ரஹ்மானை அறியுமுன் நரகத்தை அறிந்த குழந்தை, தொழுகைப் பாயில் நின்றாலும் ஒளிந்துகொள்ளவே இடம் தேடும்.

இவை யாவும் எங்கும் பொருந்துவனவே. ஆயினும் நம் தென்சென்னைப் புறநகர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனி நெருக்கடி உண்டு. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்வண்டி ஓடத் தொடங்கிய நாள்முதல் இப்பகுதி வந்தேறியோரின் ஊராயிற்று. பல்லாவரத்தின் தோல் தொழிலையும், பின்னர் வந்த தொழிற்பேட்டைகளையும் அலுவலகங்களையும் நாடி நம் குடும்பங்களும் தெற்கிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் வந்து சேர்ந்தன. வாப்பா வந்தார், உம்மா வந்தார். கதை சொல்லும் நன்னி ஊரிலேயே தங்கிவிட்டார். நூறு மசாலாவையும் யூசுப் நபி கிஸ்ஸாவையும் முனாஜாத்துகளையும் மடியில் கிடத்திச் சொன்ன அந்த நாவுக்கு ஈடாக இங்கே கைப்பேசித் திரை வந்தது. 1947இல் இச்சென்னையிலிருந்தே புறப்பட்டுத் தலைமுறைகளை வாசிக்கவைத்த ‘அம்புலிமாமா’வும் இன்று வருவதில்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தும் அந்நியம், அரபு எழுத்தோ பொருளறியா ஓசை. எந்த மொழியில் அவன் தன் இறைவனோடு தனிமையில் பேசுவான்? துஆவுக்கு ஒரு மொழி வேண்டும். அம்மொழியைக் கதையே கொடுக்கும்.

செய்யத்தக்கது பெரிதொன்றும் இல்லை. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு புத்தக அடுக்கு. அதில் நபிமார் வரலாறும் இருக்கட்டும், அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்களும் இருக்கட்டும். வாரத்தில் ஒரு மாலை ஓதலை அரைமணி முன்னதாக முடித்து ஒரு கதை. அடுத்த வாரம் அதையே ஒரு பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். விடுமுறையில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்று ஒட்டகத்தையோ மானையோ காட்டி, அங்கேயே நின்று அந்நிகழ்ச்சியைச் சொல்லலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

வேண்டுவது ஒன்றே, அதுவே அரியது. சொல்பவன் வாய்மையுடையவனாக இருக்க வேண்டும். வாசலில் கடன்காரர் வந்து நிற்க, “வாப்பா இல்லைன்னு சொல்லு” என்று மகனை அனுப்பும் தந்தை, அன்றிரவு அவனுக்கு ஆயிரம் நல்ல கதைகள் சொன்னாலும் என்ன பயன்? பிள்ளை அவற்றுள் எதை நம்புவான்? கதையின் மெய்ம்மைக்கு முதற்சாட்சி, சொல்பவனின் வாழ்க்கையே.

மறுநாள் மாலை அச்சிறுவனை அருகே அழைத்து அமர்த்தினோம். “நேற்று உன்னை அதட்டியது நம் தவறு” என்றோம். அவன் திகைத்துப் பார்த்தான். பின்னர் சொன்னோம்: “முயல் கதையை மனிதர் கட்டினர். நல்ல கதை; படி, சிரி. அது கதை என்று உனக்கும் தெரியும், எழுதியவருக்கும் தெரியும். எறும்பின் செய்தியைச் சொன்னவன் எறும்பைப் படைத்தவன். எறும்பு எப்படிப் பேசிற்று என்று நமக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். சுலைமான் நபிக்கு அதைக் கேட்கும் செவியை அவனே கொடுத்தான்.”

சிறுவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “அந்த எறும்பு அவங்களத் திட்டவே இல்லல்ல ஹஜ்ரத்?” என்றான். எழுந்து போகும்போது, வாயிற்படியில் ஊர்ந்த எறும்புச் சாரியைக் கண்டு காலை எட்டி வைத்துக் கடந்து போனான்.

நாம் எந்த நீதியையும் சொல்லியிருக்கவில்லை. வல்ல நாயன் நம் பிள்ளைகளின் செவிகளை மெய்க்குத் திறந்து வைப்பானாக. அவர்களுக்குக் கதை சொல்லும் நம் நாவுகளையும் மெய்யில் நிலைநிறுத்துவானாக. ஆமீன்.